ஊசியும் பயிற்சியும்: பக்கவாத மறுவாழ்வில் அக்குபங்சரும் ஒருங்கிணைப்புப் பயிற்சியும்

பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தவரைப் பார்க்கும்போது குடும்பத்தாரின் கவனமும், சில வேளைகளில் சிகிச்சையாளரின் கவனமும்கூட, முதலில் வலுவின்மீதே செல்கிறது. கை எவ்வளவு உயர்கிறது, விரல்கள் எவ்வளவு இறுகப் பிடிக்கின்றன, கால் உடல் எடையைத் தாங்குகிறதா என்பவையே அன்றாடம் கேட்கப்படும் கேள்விகள். ஆனால் வலு ஓரளவு திரும்பிய பிறகும் சட்டைப் பொத்தானை மாட்ட முடியாமலும், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாமலும், வாசற்படியில் காலை எங்கே வைப்பது என்று தடுமாறியும் தவிப்பவர்கள் பலர். அவர்களிடம் குறைவுபட்டிருப்பது ஒருங்கிணைப்பு. ஓர் அசைவில் பங்குகொள்ளும் தசைகள் எல்லாம் எது முன், எது பின், எது எந்த அளவு என்ற ஒழுங்கில் சுருங்கியும் தளர்ந்தும் ஒத்துழைப்பதையே மருத்துவம் இச்சொல்லால் குறிக்கிறது.

இந்த ஒழுங்கு பெரும்பாலும் இரண்டு வழிகளில் குலைகிறது. பெருமூளையின் இயக்கப் பகுதியோ, அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையோ பாதிக்கப்படும்போது, தசைகள் தனித்தனியாக இயங்கும் திறனை இழந்து கூட்டமாக இயங்கத் தொடங்குகின்றன; கையைத் தூக்க முயன்றால் தோள் உயர்ந்து, முழங்கை மடங்கி, மணிக்கட்டும் விரல்களும் உள்நோக்கிச் சுருண்டுகொள்கின்றன. இதைக் கூட்டியக்கம் என்பர். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன்முறை மருத்துவர் சிக்னே புருன்ஸ்ட்ரோம், தசை துவண்டு கிடக்கும் நிலையில் தொடங்கி, கூட்டியக்கமும் இறுக்கமும் உச்சம் தொட்டு, பின்னர் தனித்த அசைவுகள் மீளும் வரையிலான படிநிலைகளை வகுத்தார். அவை இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. இரண்டாவது வகை, சிறுமூளையிலோ அதன் தொடர்புப் பாதைகளிலோ ஏற்படும் பாதிப்பால் வருவது. இதில் வலு பெரிதும் குறையாமல் இருக்கலாம். ஆயினும் விரல் குறியைத் தாண்டிச் செல்லும், கை நடுங்கும், நடை அகன்று தள்ளாடும். இதற்கு அட்டாக்சியா என்று பெயர். ஊசி செருகும் புள்ளிகளும் பயிற்சியின் வகையும் இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தே அமைய வேண்டுமாதலால், மருத்துவ அறிக்கையில் மூளையின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்பதைப் படித்தறியாமல் சிகிச்சையைத் தொடங்குவது முறையன்று.

இணைப்பு தோன்றிய இடம்

பக்கவாதத்துக்கு ஊசி போடுவது சீன மருத்துவத்தில் மிகப் பழைய வழக்கம். அதை மறுவாழ்வுப் பயிற்சியோடு ஒரே கூரையின்கீழ் நடத்தும் முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. ஷான்சி மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜியாவ் ஷுன்ஃபா 1970-களின் தொடக்கத்தில் தலைத்தோல் அக்குபங்சரை அறிமுகப்படுத்தினார். மூளையின் இயக்கப் பகுதி மண்டையோட்டின் எந்த இடத்துக்கு நேர்கீழே அமைந்திருக்கிறதோ அந்த இடத்துத் தலைத்தோலில் ஊசியைச் செலுத்தித் தூண்டுவது அவருடைய முறை. மரபான நாளக் (மெரிடியன்) கொள்கையைவிட நவீன நரம்பியல் வரைபடத்தையே அது அடிப்படையாகக் கொண்டது. அதே காலத்தில், 1972-இல், தியான்ஜின் நகரில் ஷி ஷுவெமின் வேறொரு முறையை வகுத்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள ஷுய்கோவ், மணிக்கட்டின் உட்புறத்துக்கு மேலேயுள்ள நெய்குவான், கணுக்காலின் உட்புறத்துக்கு மேலேயுள்ள சான்யின்ஜியாவ் ஆகிய புள்ளிகளை முதன்மையாகக் கொண்ட அம்முறையில், ஊசியைக் கையாளும் விதமும் அளவும் வரையறுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. ஷுய்கோவ் புள்ளியில் கண்ணில் நீர் துளிர்க்கும் வரை கொத்தித் தூண்ட வேண்டும். அக்குளின் அருகிலுள்ள ஜிச்சுவான் புள்ளியில் கை துள்ளும் வரை தூண்ட வேண்டும். இவ்வளவு செய்தால் போதும் என்று அளவைச் சொல்லிவைத்ததால்தான் அம்முறையைப் பிறர் கற்கவும் சோதிக்கவும் முடிந்தது.

தமிழ்நாட்டு வாசகர் இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். நாடி பார்த்து ஒரே புள்ளியை விரலால் தொட்டு முடிக்கும் முறை இம்மாநிலத்தில் அக்குபங்சர் என்ற பெயரிலேயே பரவலாக வழங்குகிறது. இந்த அத்தியாயம் பேசுவது அதைப் பற்றியன்று. நுண்ணூசியைத் தோலுக்குள்ளும் தசைக்குள்ளும் செலுத்தி, தேவைப்படும் இடத்தில் மின்தூண்டலும் தந்து செய்யும் முறையைப் பற்றியே. ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றதற்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

சான்றுகள் சொல்வது

சுவீடனின் லுண்ட் நகரில் 78 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு, வழக்கமான பயிற்சியோடு ஊசி சிகிச்சையும் பெற்றவர்கள் நடையிலும் அன்றாடச் செயல்களிலும் கூடுதலாகத் தேறியதாகக் காட்டியது. அம்முடிவு உலகெங்கும் ஆர்வத்தைத் தூண்டியது. ஆனால் அந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்த பார்ப்ரோ யோஹான்சன் தலைமையில், போலித் தூண்டல் பெறும் ஒப்பீட்டுக் குழுவையும் சேர்த்து, 150 நோயாளிகளிடம் பத்து வாரங்களில் இருபது அமர்வுகளாக நடத்தப்பட்டு 2001-இல் வெளியான பெரிய ஆய்வில் குழுக்களுக்கிடையே வேறுபாடு தென்படவில்லை. தம்முடைய முந்தைய முடிவைத் தாமே கடுமையான சோதனைக்கு உட்படுத்திய அந்த நேர்மை போற்றத்தக்கது. 2016-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 31 ஆய்வுகளையும் 2257 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்து, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலும் நரம்பியல் குறைபாட்டிலும் ஊசி சிகிச்சையால் நன்மை இருக்கக்கூடும் எனினும், பெரும்பாலான ஆய்வுகளின் தரமும் அளவும் போதாமையால், அதை எல்லாருக்கும் வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று முடித்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு இதுதான்: மூளையைத் திரும்பக் கட்டமைப்பது பயிற்சியே; ஊசியின் பங்கு, அந்தப் பயிற்சி நடப்பதற்கு இடம் செய்து கொடுப்பது. வலி குறைவதாலும், இறுகிய தசை சற்று நேரமாவது இளகுவதாலும், உணர்விழந்த கைக்கு உணர்வுத் தூண்டல் கிடைப்பதாலும், ஊசிக்குப் பிந்தைய நேரத்தில் நோயாளியால் கூடுதலாகவும் சரியாகவும் பயில முடிந்தால் அதுவே ஊசியின் பயன். அந்த நேரத்தில் பயிற்சி நடக்கவில்லை என்றால் கிடைத்த இளக்கம் சில மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது.

பயிற்சிக்கான சான்று இதைவிட உறுதியானது. மூளையில் சிறு பகுதி சிதைக்கப்பட்ட குரங்குகளைக் கொண்டு ரண்டால்ஃப் நூடோவும் குழுவினரும் நடத்திய ஆய்வு 1996-இல் வெளியானது. கையைப் பயன்படுத்தி நுணுக்கமாக உணவெடுக்கப் பழக்கப்பட்ட குரங்குகளில், சிதைந்த இடத்தைச் சுற்றியிருந்த மூளைப் பகுதி கைக்குரிய பணியைத் தக்கவைத்துக்கொண்டது என்பதை அது காட்டியது. இத்தகைய விலங்காய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அசைவு பயிலப்படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மறுவாழ்வு மையங்களைக் கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, ஓர் அமர்வில் கைக்குரிய செயல்முறைப் பயிற்சி சராசரியாக 32 முறை மட்டுமே நடந்ததாகக் கண்டது. இந்த இடைவெளிதான் இன்றைய மறுவாழ்வின் பெருங்குறை. எனவே ஊசிக்குச் செலவாகும் அரை மணி நேரம் பயிற்சி நேரத்திலிருந்து கழிக்கப்படுமானால், இணைப்பு சிகிச்சை நோயாளிக்கு நன்மைக்குப் பதில் நட்டமாகவே முடியும்.

தொடங்கும் காலமும் தவிர்க்க வேண்டியவையும்

விரைவாகத் தொடங்குவது நல்லது என்பதைப் பலர் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும் என்று பொருள்கொள்கின்றனர். ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு இதைச் சோதித்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி நிற்கவும் நடக்கவும் வைக்கப்பட்டவர்களில், மூன்று மாத முடிவில் நல்ல நிலையை எட்டியவர்கள் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தனர். ஆகவே இரத்த அழுத்தமும் நினைவு நிலையும் சீரடைந்து, பாதிப்பு மேலும் பரவவில்லை என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்த பிறகே இந்த அத்தியாயத்தின் முறைகளைக் கையாள வேண்டும். இரத்தக் கசிவால் வந்த பக்கவாதமாயின் காத்திருப்பு இன்னும் நீளலாம். ஓய்வு நிலையிலேயே இரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைய அமர்வைத் தள்ளிவைத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊசியைப் பொறுத்தவரை, ஒருமுறை மட்டுமே பயன்படும் கிருமி நீக்கிய ஊசி என்பது பேரத்துக்கு இடமில்லாத விதி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு ஊசியை எடுத்ததும் பஞ்சால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். வார்ஃபரின் உட்கொள்பவரின், இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 3-ஐத் தாண்டியிருந்தால் ஊசியைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு மின்தூண்டல் கூடாது. அறுவை சிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தால் அவ்விடத்தின் மேலும் ஓரங்களிலும் தலைத்தோல் ஊசி கூடவே கூடாது. தோளின் மேற்புறத்திலுள்ள ஜியான்ஜிங் புள்ளிக்குக் கீழே நுரையீரல் இருப்பதால், மெலிந்தவர்களுக்கு அங்கே ஆழமாகச் செலுத்துவது பேராபத்து. வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இரத்தம் உறையாமைக்கும் கொடுக்கப்பட்ட மாத்திரைகளை நிறுத்தினால்தான் அக்குபங்சர் வேலை செய்யும் என்று சொல்பவரிடம் எந்த நோயாளியையும் ஒப்படைக்கக் கூடாது. அந்த மாத்திரைகள் இரண்டாவது பக்கவாதத்தைத் தடுப்பவை. முதல் பக்கவாதத்திலிருந்து பாதி மீண்டவரை இரண்டாவது தாக்குதல் படுத்த படுக்கையாக்கிவிடும்.

அளவிட்டு எழுதிவைத்தல்

முதல் அமர்வுக்கு முன் நிலையை அளந்து எழுதாவிட்டால் பின்னர் முன்னேற்றத்தை ஊகிக்க மட்டுமே முடியும். நோயாளியைத் தன் மூக்கு நுனியையும் எதிரில் நீட்டிய விரலையும் மாறிமாறித் தொடச் செய்து, குறி தவறுகிறதா, இலக்கை நெருங்கும்போது நடுக்கம் கூடுகிறதா, எத்தனை நொடி ஆகிறது என்பவற்றைக் குறிக்க வேண்டும். படுக்கையில் ஒரு குதிகாலை மறுகாலின் முழங்காலில் வைத்து கணைக்கால் எலும்பின் வழியே கணுக்கால் வரை இழுக்கச் செய்வது காலுக்குரிய சோதனை. கை, கால் இயக்கங்களை 100 புள்ளிகளில், கைக்கு 66, காலுக்கு 34 எனப் பிரித்து அளக்கும் ஃபூகல்–மேயர் அளவையும், 56 புள்ளிகள் கொண்ட பெர்க் சமநிலை அளவையும், தசை இறுக்கத்தைக் குறிக்கும் திருத்திய ஆஷ்வொர்த் அளவையும் இயன்முறை மருத்துவரைக் கொண்டு எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதே வேளையில், அதே நாற்காலியில் அளவிடுவது போதும்.

புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தல்

தலைத்தோலில் இயக்கக் கோட்டைக் கண்டுபிடிக்க, இரு புருவங்களின் நடுவிலிருந்து பின்மண்டைப் புடைப்பின் கீழ்விளிம்பு வரை உச்சி வழியாக அளந்து, அதன் மையத்துக்கு அரை சென்டிமீட்டர் பின்னால் ஒரு குறியிட வேண்டும். அங்கிருந்து நெற்றிப்பொட்டில் முடி தொடங்கும் இடத்துக்குச் சாய்வாக ஒரு கோடு வரைந்து ஐந்தாகப் பிரித்தால், மேலுள்ள ஒரு பங்கு காலுக்கும், நடுவிலுள்ள இரண்டு பங்கு கைக்கும், கீழுள்ள இரண்டு பங்கு முகத்துக்கும் பேச்சுக்கும் உரியவை. செயலிழந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தலையில் ஊசி செலுத்தப்படுகிறது. தோலோடு சாய்வாகச் செலுத்தி, தோலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள தளர்ந்த அடுக்கில் ஊசி தடையின்றி நழுவுவதை உணர்ந்த பிறகே சுழற்ற வேண்டும். ஜியாவ் வகுத்தபடி நிமிடத்துக்கு 200 முறை என்ற வேகத்தில் இரண்டு, மூன்று நிமிடங்கள் சுழற்றுவது வழக்கம். அட்டாக்சியா உள்ளவர்களுக்குப் பின்மண்டைப் புடைப்பின் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் விலகி, கீழ்நோக்கி நான்கு சென்டிமீட்டர் நீளும் சமநிலைக் கோட்டில் இருபுறமும் செலுத்துவர். ஊசியின் முனை கழுத்துக்குள் ஆழமாக இறங்காமல் தோலை ஒட்டியே செல்ல வேண்டிய இடம் இது. பயிற்சி பெற்ற கை மட்டுமே இங்கே ஊசியைத் தொடலாம்.

கைகாலில் தேர்ந்தெடுக்கும் புள்ளிகள் தசையின் நிலையைப் பொறுத்தவை. துவண்டு கிடக்கும் நிலையில் தோள் முனையிலுள்ள ஜியான்யு, முழங்கை மடிப்பின் வெளி முனையிலுள்ள சூச்சி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ஹெகு, முழங்காலுக்குக் கீழேயுள்ள சூசான்லி ஆகியவற்றை ஓரளவு வலுவாகவே தூண்டலாம். இறுக்கம் தோன்றிய பிறகு நிலைமை மாறுகிறது. கையில் மடக்கும் தசைகளும் காலில் நீட்டும் தசைகளும் இறுகுவதே பெரும்பாலானோரிடம் காணப்படும் வடிவம் என்பதால், இறுகிய தசையை மேலும் துள்ளவைக்காமல், அதற்கு எதிராக இயங்கும் தசையைத் தூண்ட வேண்டும். முன்கையின் புறப்பக்கத்தில் சூச்சிக்குக் கீழே இரண்டு ட்சுன் தொலைவில் ஷோவ்சான்லி, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ட்சுன் தொலைவில் வைகுவான் ஆகிய இரண்டுக்கும் இடையே நொடிக்கு இரண்டு துடிப்பு என்ற அளவில் மின்தூண்டல் கொடுத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி அசைவதைக் கண்ணால் காணலாம். ட்சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் மூட்டின் அகலம். சிகிச்சையாளரின் விரல் அளவைக் கொள்ளக் கூடாது. பாதம் தொங்கும் நிலைக்கு முழங்காலின் வெளிப்புறத்தில் சிற்றெலும்புத் தலைக்கு முன்னும் கீழுமாக அமைந்த யாங்லிங்சுவான் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு உடற்கூறியல் காரணமும் உண்டு: பாதத்தை உயர்த்தும் தசைக்குச் செல்லும் நரம்பு அங்கே எலும்பைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அவ்விடத்தில் நோயாளி உணரும் கனமும் விண்ணென்ற பரவலும் சீன மருத்துவத்தில் தேச்சி எனப்படுகிறது. மின்னல் பாய்ந்தது போன்ற சுரீர் வலி வந்தால் ஊசி நரம்பைத் தொட்டுவிட்டது என்று கொண்டு உடனே சற்றுப் பின்னிழுக்க வேண்டும்.

ஒருங்கிணைப்புப் பயிற்சிகள்

சுவிட்சர்லாந்தின் ஹைடன் நகரில் பணியாற்றிய மருத்துவர் ஹைன்ரிக் ஃபிரெங்கல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தண்டுவட நோயால் கால் தடுமாறியவர்களுக்காக வகுத்த பயிற்சிகள் இன்றும் அட்டாக்சியாவுக்கான அடிப்படையாக உள்ளன. அவற்றின் உட்கருத்து எளியது: வலுவை வளர்ப்பது நோக்கமன்று, துல்லியமே நோக்கம். ஆகவே ஒவ்வோர் அசைவும் மெதுவாக, எண்ணிக்கையோடு, கண்ணால் பார்த்தபடி செய்யப்படுகிறது. அது சீரான பிறகே கண்ணை மூடிச் செய்யச் சொல்வர். தன் கால்களைத் தானே பார்க்கும்படி தலையும் முதுகும் உயர்த்தப்பட்ட நிலையில் நோயாளி படுத்துக்கொண்டு, குதிகாலைப் படுக்கையில் உரசியபடி முழங்காலை மடக்கி நீட்டுகிறார். பிறகு சிகிச்சையாளர் ‘நில்’ என்று சொன்ன இடத்தில் நிறுத்தப் பழகுகிறார். நிறுத்துவது நகர்த்துவதைவிடக் கடினம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஒருங்கிணைப்பின் சாரமே குறித்த இடத்தில் அசைவை முடிப்பதில் இருக்கிறது. அடுத்து, குதிகாலைப் படுக்கையிலிருந்து உயர்த்தி மறு முழங்காலில் வைத்தல், நாற்காலியில் அமர்ந்து தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த குறிகளின்மேல் பாதத்தை மாறிமாறி வைத்தல், எழுந்து நின்று ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கு நடுவே நடத்தல், பக்கவாட்டில் அடியெடுத்தல், மூன்று அடிகளில் திரும்புதல் என்று படி உயர்கிறது. நான்கைந்து முறைக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும். களைத்த நிலையில் செய்யும் பிழையான அசைவும் மூளையில் பதிந்துவிடும்.

கூட்டியக்கத்தால் கை கட்டுண்டவருக்குப் பொருளோடு கூடிய பயிற்சியே பலன் தருகிறது. ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுப்பதை எடுத்துக்கொள்ளலாம். மேசையில் ஒரு முழம் தள்ளி டம்ளரை வைத்து எடுக்கச் சொன்னால், நோயாளி பெரும்பாலும் முழங்கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்க்கிறார், தோளைக் காதுவரை தூக்குகிறார், டம்ளரை நெருங்கும்போது விரல்களை விரிப்பதற்குப் பதில் முன்கூட்டியே மடக்கிவிடுகிறார். இம்மூன்றும் ஈடுகட்டும் அசைவுகள். டம்ளர் கைக்கு வந்துவிட்டாலும் பயிற்சி நிகழவில்லை என்றே பொருள். ஆகவே முதுகை நாற்காலியின் சாய்மானத்தோடு மெல்லிய துணிப்பட்டையால் அணைத்து, முன்கையை மேசையில் விரித்த துண்டின்மேல் வைத்துச் சறுக்கச் செய்து, முழங்கை நீள்வதை மட்டும் முதலில் பழக்க வேண்டும். அது வந்த பிறகு, மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்த நிலையில் விரல்களை விரித்து டம்ளரைச் சுற்றி வைத்தல், அதன்பின் பிடித்தல், பிடித்ததை விடுதல். விடுவதே கடைசியில் வரும், அதற்கே கூடுதல் பொறுமை வேண்டும். வெற்று டம்ளரில் தொடங்கி, கால் பங்கு தண்ணீர், அரைப் பங்கு தண்ணீர் என்று உயர்த்தினால் தளும்பும் தண்ணீரே பிழையைக் காட்டிவிடும். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புதல், புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், இரு கைகளாலும் துண்டை மடித்தல் ஆகியவற்றையும் சேர்த்து, ஒரு மணி நேர அமர்வில் நூறு முறையில் தொடங்கி முந்நூறை நோக்கி எண்ணிக்கையை உயர்த்துவது இயலக்கூடியதே.

இரண்டையும் ஓர் அமர்வில் சேர்த்தல்

சீன மருத்துவமனைகளில் இணைப்பு பெரும்பாலும் இரு வழிகளில் நடக்கிறது. முதலாவது, தலைத்தோலில் ஊசிகள் இருக்கும்போதே பயிற்சி செய்வது. அந்த ஊசிகள் மூட்டையோ இயங்கும் தசையையோ தொடுவதில்லையாதலால் நோயாளி அமரவும் கையை நீட்டவும் தடையில்லை. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை பயிற்சியை நிறுத்தி ஊசிகளைச் சுழற்றிவிட்டுத் தொடர்கின்றனர். நின்றும் நடந்தும் செய்யும் பயிற்சிகளின்போது ஊசி வைத்திருப்பதை, விழும் அபாயம் உள்ளவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. இரண்டாவது, கைகால் ஊசிகளை இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை வைத்து எடுத்த பிறகு பயிற்சியைத் தொடங்குவது. தசைக்குள் ஊசி இருக்கும்போது அந்த உறுப்பை அசைத்தால் ஊசி வளையவும் முறியவும் கூடும் என்பதால் இவ்வரிசையை மாற்றக் கூடாது.

நடைமுறையில் இரண்டையும் கலந்து அமைப்பதே சிறந்தது. இரத்த அழுத்தம் பார்த்து, தலைத்தோல் ஊசிகளையும் கைகால் ஊசிகளையும் ஒன்றாகச் செலுத்தி, மின்தூண்டல் நடக்கும் இருபது நிமிடமும் நோயாளி சும்மா படுத்திராமல், மணிக்கட்டு தானாக உயரும் ஒவ்வொரு முறையும் அதைக் கண்ணால் பார்த்துத் தானும் உயர்த்த முயல்வதுபோல் மனத்தில் எண்ண வேண்டும். பிறகு கைகால் ஊசிகளை மட்டும் எடுத்துவிட்டு, இறுகிய விரல்களை ஐந்து நிமிடம் மெதுவாக நீவி விரித்து, உடனே டம்ளர் பயிற்சிக்கோ குதிகால் பயிற்சிக்கோ செல்ல வேண்டும். இடையில் காத்திருப்பு அறைக்கு அனுப்பி, வேறொரு நாள் வேறொருவரிடம் பயிற்சிக்கு வரச் சொல்வது இணைப்பு சிகிச்சை ஆகாது. நடைப் பயிற்சி தலைத்தோல் ஊசிகளும் எடுக்கப்பட்ட பிறகு இறுதியில் வரட்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் இரண்டு, மூன்று வாரங்கள் செய்து அளவிட்டுப் பார்த்து, ஊசிக்குப் பிந்தைய பயிற்சியின் தரத்தில் வேறுபாடே தெரியவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தையும் பயிற்சிக்கே கொடுப்பது நேர்மையான முடிவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம், வாரத்துக்குக் குறைந்தது ஐந்து நாள் மறுவாழ்வுப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பல மருத்துவமனைகளால் தனியாக இதைக் கொடுத்து முடிக்க இயலாது என்பதால், வீட்டில் செய்யும் பயிற்சி சிகிச்சையின் பாதியாகிறது.

வீட்டில் துணைநிற்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவை சிலவே. துவண்ட கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்பக் கூடாது. தோள் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் நீளும் வலிக்கு அதுவே காரணமாகிறது. தோள்பட்டை எலும்பின் பின்புறமும் இடுப்பிலும் கைகொடுத்தே எழுப்ப வேண்டும். நோயாளி பொத்தான் மாட்டத் திணறும்போது இரக்கத்தால் தானே மாட்டிவிடாமல், இரண்டு நிமிடம் காத்திருந்து, கடைசிப் பொத்தானுக்கு மட்டும் உதவலாம். ஊசி போட்ட நாளில் அவ்விடம் வீங்கினாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினாலோ, புதிதாக முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அக்குபங்சர் நிபுணரை அழைத்துக்கொண்டிருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த முடியுமா என்பதை முதல் நான்கரை மணி நேரமே பெரும்பாலும் முடிவுசெய்கிறது.